திறந்தவனே மூடட்டும்!



‘இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் என்று எழுத எத்தனையோ இருக்க, கார் பானெட்டைத் திறந்து மூடுவதற்கு ஒரு கட்டுரையா?’ என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆட்டோமொபைல் துறையில் நாம் கற்கும் அத்தனை வித்தைக்கும் வாசல் அந்த ஒரு தகடுதான். ஆயில் பார்ப்பதா, பெல்ட் மாற்றுவதா, பேட்டரி கழற்றுவதா? எல்லாம் அதைத் தூக்கிய பிறகுதானே! வாசலிலேயே கை நசுங்கிப் போனால் உள்ளே போய் என்ன செய்ய முடியும்?

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கோபியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். எட்டாவதோடு நின்றவர். ஆனால் வண்டியைப் பற்றி அவர் கைக்குத் தெரிந்தது எனக்கு இன்னும் தெரியாது. ‘ஏனுங்கப்பா இப்படிச் செய்யறீங்க?’ என்று கேட்டால், ‘அது அப்படித்தாங் கண்ணு’ என்பார். காரணத்தைக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். அப்பாவின் பழக்கத்தையும் வகுப்பில் கேட்ட காரணத்தையும் சேர்த்து வைத்து எழுதியதுதான் இந்தப் பாடம்.

பெயரும் வகையும்

பானெட் என்றால் ஆங்கிலத்தில் தலையை மூடும் ஒரு வகைத் தொப்பி. அமெரிக்காக்காரர்கள் ஹுட் என்பார்கள். அதுவும் தலையை மூடும் துணிதான். ஆக, இன்ஜினுக்கு முக்காடு போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

முக்காட்டை விலக்கும் விதம் வண்டிக்கு வண்டி மாறும். மிகப் பழைய கார்களில் பானெட் நடுவில் கீல் வைத்து, வண்டுச் சிறகு போல இரண்டு பக்கமும் திறக்கும். கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போகிறவர்கள் பழைய வண்டிகளின் முன்பக்கத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ஜீப்பில் இரண்டு பக்கமும் வெளியிலேயே கிளாம்ப் இருக்கும். இரண்டையும் விடுவித்தால்தான் தூக்க முடியும், இரண்டையும் மாட்டினால்தான் மூடியதாகக் கணக்கு. மாருதி ஓம்னி, ஈகோ வேன்களில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே சீட்டைத் தூக்குவதுதான் பானெட்டைத் திறப்பது.

இன்று நம் பட்டறைகளுக்கு வரும் பெரும்பாலான கார்களில் பானெட்டின் கீல் கண்ணாடிப் பக்கமும், பூட்டு முன்பக்கம் கிரில்லுக்கு மேலேயும் இருக்கும். இந்த வகையைப் பற்றித்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

திறக்கும் முன்

1. வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். சாலையோரம் என்றால் நன்றாக இடதுபுறம் ஒதுக்கி, ஹசார்டு விளக்கும் போட வேண்டும்.

2. இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். சாவி திறப்பவர் பாக்கெட்டில் இருப்பது நல்லது. நாம் ஃபேன் பெல்ட்டில் கை வைத்திருக்கும் நேரம் இன்னொருவர் ஸ்டார்ட் செய்யக்கூடாது அல்லவா?

3. துண்டு, துப்பட்டா, சட்டையின் தொங்கும் கை, கழுத்துச் செயின், கைச் செயின் எதுவும் தொங்கக் கூடாது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் எலக்ட்ரிக் ஃபேன் வெப்பத்தைப் பார்த்துச் சுழல்வது. பல வண்டிகளில் இன்ஜின் அணைந்த பிறகும் அது திடீரென்று சுழலும். ‘நின்னுதானே இருக்கு’ என்று விரலை விடாதீர்கள்.

4. புறங்கையால் பானெட்டை லேசாகத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கை வேண்டாம். கொதித்தால் புறங்கை தானாகப் பின்னுக்கு வரும். நமக்கு வேலை செய்யும் உள்ளங்கையும் தப்பிக்கும்.

5. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்று சொல்லும் ஊர்க்காரர்கள் நாம். முன்பக்கமிருந்து பலமாகக் காற்று வரும்போது பானெட்டைத் தூக்கினால், தாங்கு கம்பி மாட்டும் முன்பே கையிலிருந்து பிடுங்கிக் கொண்டு கண்ணாடிப் பக்கம் சாயும். கீல் வளைந்துவிடும். முடிந்தால் காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்துங்கள்.

இரண்டு படியில் திறக்கும் பூட்டு

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டுக்குக் கீழே பார்த்தால், திறந்த பானெட் படம் போட்ட ஒரு லிவர் இருக்கும். சில வெளிநாட்டு மாடல்களில் இது இடதுபக்க சீட்டின் அருகே இருப்பதும் உண்டு. லிவரை இழுத்தால் ஒரு கேபிள் இழுபடும். பைக் கிளட்ச் கேபிள் மாதிரியேதான். அது முன்பக்க லாட்ச்சை விலக்கும். ஸ்பிரிங் பானெட்டை ஓர் அங்குலம் போல மேலே தள்ளும். ‘டக்’ என்று ஒரு சத்தம். இது முதல் படி.

இப்போது பானெட் முழுதாகத் திறக்காது. ‘சேஃப்டி கேட்ச்’ என்கிற இரண்டாவது கொக்கி பிடித்துக் கொண்டிருக்கும். முன்னால் வந்து, அந்த ஓர் அங்குல இடைவெளியில் விரலை விட்டு, சிறிய நாக்கு போன்ற லிவரைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். சில வண்டிகளில் அதைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். சிலவற்றில் மேலே தூக்க வேண்டும். தள்ளிக்கொண்டே மறு கையால் பானெட்டைத் தூக்க வேண்டும். இது இரண்டாவது படி.

லிவரை இழுத்தும் பானெட் எழும்பவில்லை என்றால் ஸ்குரூடிரைவர் போட்டு நெம்ப வேண்டாம். ஒருவர் பூட்டுக்கு நேர் மேலே பானெட்டை லேசாக அமுக்க, இன்னொருவர் உள்ளே லிவரை இழுத்தால் பெரும்பாலும் விடுபடும். அழுக்கும் துருவும் ஏறி இறுகியிருப்பதுதான் வழக்கமான காரணம். பிறகு லாட்ச்சைத் துடைத்து கிரீஸ் வைத்துவிடுங்கள்.

தாங்கு கம்பி

தூக்கிய பானெட்டைத் தலையாலோ தோளாலோ தாங்கிக்கொண்டு வேலை செய்யும் ‘வீரர்கள்’ இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். கம்பியை அதன் கிளிப்பிலிருந்து எடுத்து, பானெட்டில் அதற்கென்று விட்டிருக்கும் துளையில் நுழையுங்கள். பல வண்டிகளில் அம்புக்குறி போட்டே காட்டியிருப்பார்கள். இன்ஜின் சூட்டில் கம்பியும் சுடும்; ரப்பர் பிடி இருக்கும் இடத்தில் பிடியுங்கள். மாட்டியபின் பானெட்டை ஒருமுறை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

விலை கூடிய கார்களில் கம்பிக்குப் பதில் கேஸ் ஸ்ட்ரட் இருக்கும். உள்ளே அழுத்தமாக நைட்ரஜன் வாயு அடைத்த உருளை. வருடங்கள் போகப் போக அழுத்தம் குறையும். மெதுவாக இறங்கும் பானெட்டைப் பார்த்தால் ஸ்ட்ரட் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை வேறு உறுதியான தாங்கல் இல்லாமல் அதன் கீழே நிற்காதீர்கள்.

பேட்டரி மேல் ஸ்பேனரை வைக்காதீர்கள். பாசிட்டிவ் முனையும் பாடியும் ஒரே ஸ்பேனரில் தொட்டால் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் எரியும் வாயு. பீடி, சிகரெட், தீக்குச்சிக்கு பானெட்டுக்கு அடியில் இடமே இல்லை.

நம்ம ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. வயலும் வாய்க்காலுமாக இருக்கிற கோபியில் இரவு நிறுத்திய வண்டியின் இன்ஜின் சூட்டுக்குப் பூனை, எலி வந்து படுக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். காலையில் முதலில் பானெட்டை இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் பொறுத்து, பிறகு திறங்கள். உயிர் தப்புவது பூனையாகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம்!

திம்பம் ஏறும்போது

சத்தியமங்கலம் தாண்டி பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மைசூர் பக்கம் போகிறவர்கள் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். முதல் கியரும் இரண்டாம் கியருமாக, லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்று குறைவு, இன்ஜினுக்கு வேலை அதிகம். பழைய வண்டியாக இருந்தால், தண்ணீர் குறைந்திருந்தால், பாதி மலையில் பானெட் ஓரமாகப் புகை வரும். பலரும் பதறிப் போய் உடனே பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திருகுவார்கள். முகம் வெந்து போவது அந்த நொடியில்தான்.

காரணம் என்ன? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஸ்பிரிங் வைத்த பிரஷர் மூடி. குக்கர் வெயிட் போல உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. சாதாரண கார்களில் இது 0.9 பார் அளவில் இருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். 118 டிகிரியில் இருக்கும் தண்ணீர் இனித் தண்ணீராக இருக்க முடியாது. நீராவியாகப் பொங்கிப் பாயும். மலை மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும். ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

எனவே புகை வந்தால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறக்காமல் காத்திருங்கள். ஆவி நின்ற பிறகு, முகத்தைத் தள்ளி வைத்து பானெட்டை மட்டும் திறங்கள். ரேடியேட்டர் மூடிக்கு அரை மணிக்குக் குறையாமல் பொறுமை தேவை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, தடித்த துணி போட்டு, கால் திருகு திருகி, ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் முழுதும் அடங்கியபின் கழற்றுங்கள். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். அப்பா சொல்வார்: ‘அவசரப்பட்டவன் ஆசுபத்திரிக்குப் போவான், பொறுத்தவன் ஆசனூர் போவான்.’

காற்றின் கணக்கு

சேஃப்டி கேட்ச் எதற்கு? ஒரு பூட்டு போதாதா? இதற்குப் பதில் நம் ஃபிசிக்ஸ் பாடத்திலேயே இருக்கிறது.

காற்று ஒரு தகட்டில் மோதும் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11.1 மீட்டர். பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 74 நியூட்டன். பானெட்டின் பரப்பு 1.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் விசை சுமார் 89 நியூட்டன், அதாவது 9 கிலோ எடை. இப்போது 80 கிலோமீட்டரில் போடுங்கள். வேகம் இரண்டு மடங்கு; விசை நான்கு மடங்கு. சுமார் 36 கிலோ! ஒரு பள்ளிக்கூடப் பையனின் எடை.

இது பானெட் நிமிர்ந்து, காற்று முழுதும் அதன் மேல் மோதும்போது வரும் கணக்கு. கொஞ்சம் மட்டும் தூக்கியிருக்கும்போது விசை இவ்வளவு இராது. ஆனால் கிரில் வழியாகப் புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். வளைந்த மேல்பக்கத்தில் வேகமாக ஓடும் காற்று மேலே இழுக்கும். கொஞ்சம் எழும்பினால் இன்னும் காற்று பிடிக்கும். காற்று பிடிக்கப் பிடிக்க இன்னும் எழும்பும். பிறகு ஒரே அடியில் கண்ணாடி மேல் வந்து விழும். டிரைவருக்கு முன்னால் சாலையே தெரியாது.

இதனால்தான் முன்பக்கம் திறக்கும், டிரைவரின் பார்வையை மறைக்கக்கூடிய பானெட்டுக்கு இரண்டாவது பிடிப்பு கட்டாயம் என்று அமெரிக்காவில் 1969 முதல் விதியே இருக்கிறது. அந்த இரண்டாவது பிடிப்பும் கெட்டுப் போனால்? அதற்கும் உதாரணம் உண்டு. நிஸான் கம்பெனி தன் ஆல்டிமா கார்களை இந்தக் கொக்கிக்காகவே அமெரிக்காவில் பலமுறை திரும்ப அழைத்தது. 2020ஆம் ஆண்டில் மட்டும் 18 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள். கொக்கி உராயும் இடத்தில் பெயிண்ட் உரிந்து, துருப்பிடித்து, பிடிக்காமல் திறந்த நிலையிலேயே நின்றுவிடக்கூடும் என்பதுதான் குறை. கொஞ்சம் துரு, எத்தனை லட்சம் வண்டி பாருங்கள்!

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்ட் காரில் இந்தப் பயம் இல்லை. அதில் கீல் முன்னால் இருந்தது. பக்கத்துக் கொக்கிகளை விடுவித்தால், மட்கார்டோடு சேர்த்து முன்பாகமே முன்னோக்கிச் சாயும். ஓடும்போது காற்று அதை மூடவே பார்க்கும். ஆனால் அவ்வளவு பெரிய பாகத்தைத் தூக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் இடமும் வேண்டும். முன்னால் நின்று குனிந்து வேலை செய்யும் வசதிக்காகப் பெரும்பாலான வண்டிகள் பின் கீலுக்கே வந்துவிட்டன. அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் கூடுதல் கவனம்.

ஓடும்போது பானெட் எழும்பிவிட்டால் திடீர் பிரேக் அடிக்காதீர்கள். பின்னால் வருகிறவர் மோதுவார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஹசார்டு போடுங்கள். பானெட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் கீழே ஒரு சந்து தெரியும்; குனிந்து அதன் வழியாகவும், பக்கக் கண்ணாடி வழியாகவும் பார்த்து மெதுவாக இடதுபுறம் ஒதுங்குங்கள்.

மூடுவதுதான் முக்கியம்

திறக்கும்போது வண்டியே இரண்டு முறை நம்மைத் தடுத்துக் கேட்கிறது. மூடும்போது அப்படி யாரும் கேட்பதில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் எண்ணிப் பாருங்கள். எடுத்துப் போன ஸ்பேனர் எத்தனை, கையில் இருப்பது எத்தனை? துடைத்த வேஸ்ட் துணி எங்கே? ஆயில் மூடி, டிப் ஸ்டிக், ரேடியேட்டர் மூடி மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறதா? இன்ஜின் மேல் மறந்த துணி தீப்பிடிக்கும். மறந்த ஸ்பேனர் ஃபேனில் விழும்.

பிறகு ஒரு கையால் பானெட்டைத் தாங்கிக்கொண்டு, கம்பியை எடுத்துக் கிளிப்பில் மாட்டுங்கள். கம்பி நிற்கும்போதே பானெட்டை அமுக்கினால் தகடு நடுவில் மடங்கும். மோதினால் கண்ணாடி மேல் பாயாமல் நடுவில் மடங்க வேண்டும் என்று பானெட்டை வடிவமைக்கும்போதே மடிப்பிடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை நாம் வீணாக உடைக்கக் கூடாது.

பானெட்டை மெதுவாக இறக்கி, ஓர் அடி உயரம் வந்ததும் கையை விடுங்கள். தன் எடையிலேயே ‘டப்’ என்று பூட்டிக்கொள்ளும். நடுவில் கை வைத்து அமுக்கினால் டென்ட் விழும். கேஸ் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் முன் ஓரத்தில், பூட்டுக்கு நேராக இரண்டு கையும் வைத்து அமுக்கலாம்.

கடைசியாக, முன் ஓரத்தில் விரலைப் போட்டு மேலே இழுத்துப் பாருங்கள். அசையாமல் இருந்தால் பூட்டியிருக்கிறது. ஓர் அங்குலம் எழும்பினால் சேஃப்டி கேட்ச் மட்டும்தான் பிடித்திருக்கிறது. திறந்து மறுபடி மூடுங்கள். அப்பா எப்போதும் மூடியபின் இரண்டு விரலால் ஓர் இழுப்பு இழுப்பார். மேலே போட்ட 36 கிலோ கணக்குக்கு அவர் எழுதும் விடை அதுதான்.

‘மூடறேன், கை!’

என் மாமன் மகன் பத்தாவது முடித்ததும் ஒரு பட்டறைக்கு ஹெல்பராகப் போனான். ஒருநாள் கிரில் ஓரத்தில் விழுந்த நட்டை அவன் எடுத்துக் கொண்டிருந்தான். மறுபக்கம் நின்றவர் வேலை முடிந்தது என்று பானெட்டை விட்டுவிட்டார். வலது கை நடுவிரலின் நுனி போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. ஆசுபத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். ‘மூடறேன்’ என்று ஒரு சொல் சொல்லவில்லை, அவ்வளவே. சின்ன ஸ்குரூவை இன்றைக்கும் அவனால் அந்த விரலால் பிடிக்க முடியாது. மெக்கானிக்குக் கைதானே சொத்து? அந்தச் சொத்துக்கு ஒரு சொல்தான் காவல்.

அவனுக்கு யாரும் இந்தப் பாடத்தை நடத்தவில்லை. நமக்கு வகுப்பறை இருக்கிறது, ஒர்க்‌ஷாப் இருக்கிறது, கேட்டால் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு நாம் சூப்பர்வைசராகவோ சொந்தப் பட்டறை முதலாளியாகவோ ஆகும்போது நம்மிடம் வரும் பையன்களுக்கு இந்த மூன்று பழக்கத்தையும் முதல் நாளே சொல்லித் தருவோம்:

ஒன்று, பானெட்டைத் திறந்தவனே மூட வேண்டும். உள்ளே என்ன வைத்தோம், யார் கை இருக்கிறது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு, மூடும் முன் ‘மூடறேன், கை!’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சுற்றி நிற்கும் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும்.

மூன்று, மூடிய பிறகு இழுத்துப் பார்க்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

இதற்குப் பணம் செலவில்லை, கருவி தேவையில்லை. ஒரு சொல்லும் ஓர் இழுப்பும் போதும். அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப் வகுப்பிலிருந்தே ஆரம்பிப்போமே, நண்பர்களே!



– மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை